பண்ணைப்புரத்து மெட்டு, பள்ளிக்கூடத்துப் பாட்டு

"வகுப்பறையா இது, திருவிழாப் பந்தலா?" என்று கேட்டார் மூத்த ஆசிரியர் ஒருவர்.

கேட்டதில் தவறில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவர் நாற்பது பேர் மேசைகளைத் தட்டிக் கொண்டிருந்தனர். தட்டலுக்கு நடுவே ஒருத்தி எழுந்து, மூச்சுவிடாமல் எட்டு வரிகளைப் பொழிந்துவிட்டு அமர்ந்தாள். பாட்டென்றால் பாட்டல்ல, பேச்சென்றால் பேச்சல்ல. தாளத்தில் ஏறி உட்கார்ந்த பேச்சு. 'ராப்' என்று உலகம் அதற்குப் பெயரிட்டிருக்கிறது. பாடத்திட்டத்தில் இல்லாத அந்தப் பெயரைத் தமிழ் வகுப்பில் நான்தான் கரும்பலகையில் எழுதினேன். ஆகவே விடை சொல்ல வேண்டியவனும் நானே.

அவர் இரண்டு குற்றங்களைச் சாட்டினார். இது அயல்நாட்டுச் சரக்கு என்பது முதல் குற்றச்சாட்டு. தெருவில் கிடக்கவேண்டியதைத் தமிழ் வகுப்புக்குள் இழுத்து வந்தேன் என்பது இரண்டாவது. அன்று மணி அடித்துவிட்டது. விடை சொல்ல நேரமில்லை. இங்கே சொல்கிறேன். தேனியும் கம்பம் பள்ளத்தாக்கும் என்ன பாடின, யாருக்காகப் பாடின, எவருடைய மெட்டில் பாடின என்பதைப் பார்த்துவிட்டால், 'அயல்' எது, 'நமது' எது என்ற கேள்வி தானாகவே தலைகீழாகிவிடும்.

தோழர்களே! மேசை இல்லாத காலத்துப் பள்ளியை முதலில் நினைத்துப் பாருங்கள். திண்ணை, அதன்மேல் ஆசான், எதிரே மணல். மணலில் விரல் எழுத்தெழுத, வாய் அதே எழுத்தை ஓசையோடு சொல்லும். சட்டாம்பிள்ளை ஒருவன் முன்னே சொல்ல, மற்றவர் பின்னே சொல்லுவர். எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம், ஆத்திசூடி எல்லாமே ஓசையாகத்தான் உள்ளே போயின. தாளில் இல்லாத கணக்கைத் தாளத்தில் வைத்துக் காத்தனர். இந்த முறையைப் பார்த்து வியந்தவர் வெள்ளைக்காரப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற அவர், மணலில் எழுதுவதையும் மாணவனே மாணவனுக்குச் சொல்லித் தருவதையும் அங்கே கையாண்டார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. நம் திண்ணையிலிருந்து கடல் கடந்து போனதை அங்கே எவரும் 'தெருச் சரக்கு' என்று விரட்டவில்லை!

அதற்காகத் திண்ணைக்கு மாலை சூட்டிவிடாதீர்கள். பழமை என்றவுடன் கைகூப்பும் பழக்கம் நமக்கில்லை. அந்தத் திண்ணை யாருடையது? ஊர்த் தெருவினுடையது. சேரியின் பிள்ளை அதன் நிழலையும் மிதிக்கக் கூடாது. பாட்டாகப் பாடப்பட்ட கல்வி அவன் காதில் தொலைவிலிருந்து விழுந்திருக்கலாம். வாயில் விழ விடவில்லை. அவனுக்கென்று ஒரு தாளம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது பறை. சாவுக்கு அடி, திருவிழாவுக்கு அடி, அடித்துவிட்டு எட்டி நில்! தோலைக் காய்ச்சித் தாளம் கண்டவன் தீண்டத்தகாதவன். அந்தத் தாளத்துக்கு ஆடியவர் உயர்ந்தோர். இதுதான் நம் 'கலைப் பண்பாட்டின்' கணக்குப் புத்தகம்.

1953-ஐ இளைஞர்கள் மறக்கக் கூடாது. பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஆச்சாரியார் ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று நாடே அதற்குப் பெயர் சூட்டிற்று. பெரியாரும் அண்ணாவும் இயக்கத் தோழர்களும் எதிர்த்து நின்றனர். 1954-இல் காமராசர் முதல்வரானார், திட்டம் தொலைந்தது. அந்தத் திட்டம் நின்றிருந்தால் பறையடிப்பவர் மகனுக்குப் பிற்பகல் பாடம் என்னவாயிருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

இதையே திருப்பி என்னிடம் கேட்டார் நண்பர் ஒருவர். இயக்கத் தோழர், கேள்வி கூர்மையானது. "பறையையும் தாளத்தையும் பள்ளிக்குள் கொண்டு வந்தால், பழைய குலக்கல்விதானே பக்கவாசல் வழியாக நுழைகிறது?" என்றார். இரண்டு நாள் யோசித்தேன். அவர் அச்சம் நியாயமானது. ஆனால் குலக்கல்வியின் நஞ்சு தொழிலில் இல்லை, 'உன் குலத்துக்கு இது' என்று குறித்துக் கொடுப்பதில் இருந்தது. நாற்பது பேரும் ஒரே மேசையைத் தட்டும்போது, நாற்பது பேரும் ஒரே தாளத்துக்குச் சொல் தேடும்போது, எந்தக் குலத்தின் தொழில் அங்கே நடக்கிறது? திண்டுக்கல்லில் 1990-இல் தொடங்கப்பட்ட சக்தி கலைக்குழுவில் பெண்கள் பறையைக் கையில் எடுத்தனர். சாவுக்கு அடிக்கும் கருவி என்று ஒதுக்கப்பட்டதை மேடையில் நிமிர்ந்து நின்று முழக்கினர். அப்போது அது குலத்தொழிலாகவா இருந்தது? நண்பர் முழுதும் ஒப்பவில்லை. "கண்காணித்துக் கொள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கண்காணிக்கத்தான் வேண்டியிருந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தமிழ் இலக்கணம் இதை ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. ஏற்குமாவது! இலக்கணமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. எழுத்தின் ஒலியளவை 'மாத்திரை' என்று வகுத்த தொல்காப்பியர், அதற்கு எடுத்த அளவுகோல் என்ன? கண் இமைக்கும் நேரம். கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஆண்டுதோறும் இதை மனப்பாடம் செய்வித்து, ஒரு மதிப்பெண் வினாவாகக் கேட்டுக் கொன்றிருக்கிறோம். விரலைச் சொடுக்கச் சொல்லி ஒருநாள் கேட்டேன். நேரசையும் நிரையசையும் ஒரே மணியில் விளங்கிற்று. எதுகை, மோனை, இயைபு என்பவை தேர்வுத்தாளின் பூச்சிகளாயிருந்தவை, அன்று முதல் வேட்டைப் பொருள்களாயின. வரியின் முடிவில் ஓசை ஒத்து வருவதற்கு நாம் இட்ட பெயர் இயைபு. ராப்காரன் உயிரை விடுவதும் அதற்குத்தான்.

சொற்போரும் நமக்குப் புதிதன்று. தஞ்சைத் தரணியில் மராட்டியர் ஆட்சியின் வழியாக வேரூன்றிய லாவணியில் இரண்டு கட்சிகள் எதிரெதிர் உட்காரும். மன்மதன் எரிந்தான் என்று பாடும் எரிந்த கட்சி. எரியவில்லை என்று பாடும் எரியாத கட்சி. விடிய விடிய டேப் அடித்து, ஒருவர் வினாவுக்கு மற்றவர் அங்கேயே கட்டிய பாட்டில் விடை தர வேண்டும். விடை தப்பினால் மானம் போயிற்று! எரிந்தானா இல்லையா என்பது நமக்குக் கவலையில்லை. இருந்தானா என்று கேட்கும் கூட்டம் நாம். ஆயினும் எதிரியின் சொல்லைப் பிடித்து அதே தாளத்தில் திருப்பியடிக்கும் அந்த வித்தை இருக்கிறதே, அதைத்தான் இன்று நியூயார்க்குத் தெருவில் போட்டி ராப் என்று கொண்டாடுகிறார்கள். நம் மதுரை, தேனிப் பக்கத்து ஒயிற்கும்மியும் இத்தகையதே. கையில் துணி, காலில் சலங்கை, வரிசையாக ஆண்கள். வாத்தியார் ஓரடி சொல்ல ஆட்டக்காரர் மறுஅடி சொல்வர். அந்த ஆட்டத்தைப் பழக்குபவருக்கு ஊரில் வழங்கும் பெயர் 'வாத்தியார்' என்பதை நான் கொஞ்சம் பெருமையோடு குறித்துக் கொள்கிறேன்.

இனி, இந்தப் பள்ளத்தாக்கின் தனிக்கதைக்கு வருவோம்.

மேற்கு மலையின் அடிவாரத்தில் பண்ணைப்புரம். அவ்வூரில் வரதராசன் என்றொரு பாட்டுக்காரர். 'பாவலர்' என்பது மக்கள் தந்த பட்டம். பொதுவுடைமைக் கட்சிக்காரர். நம் இயக்கத்தவர் அல்லர்; நம்மோடு மேடையில் மோதிய கட்சியின் பாடகர். அதனாலென்ன? ஏழைக்காகப் பாடிய வாயைக் கட்சி பார்த்தா அளப்பது?

1957-இல் கேரளத்தில் நம்பூதிரிபாடு தலைமையில் அமைச்சரவை அமைந்தது. 126 இடங்களில் கட்சிக்கு 60. ஆதரவுச் சுயேச்சைகள் ஐவர். நூலிழையில் நின்ற ஆட்சி. தேவிகுளம் தொகுதியில் வென்ற ரோசம்மா புன்னூசின் தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாக, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. தேவிகுளத்தில் வாக்காளர் யார்? தேயிலைத் தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளர். 1956-இல் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தமிழரின் கோரிக்கையையும் மீறிக் கேரளத்தோடு சேர்க்கப்பட்ட மண் அது. மலைக்கு அந்தப்பக்கம் வாக்கு, இந்தப்பக்கம் பாட்டு. பாவலர் வரதராசன் மலையேறினார். ஆர்மோனியமும் குரலும் தவிர வேறு படைக்கலம் இல்லை. தோட்டத்து லயங்களின் முன்னே, எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடம், அரசியலைப் பாட்டாகச் சொன்னார். ரோசம்மா மீண்டும் வென்றார்.

என்ன பாடினார் என்பதைவிட எப்படிப் பாடினார் என்பதே எனக்கு வியப்பு. ஊரெல்லாம் முணுமுணுக்கும் திரைப்பாட்டின் மெட்டை எடுத்துக்கொள்வார், சொல்லை உருவிவிடுவார், அந்த உறைக்குள் தம் வாளைச் செருகுவார். காதலன் காதலியிடம் குழைந்த மெட்டில் கூலிக்காரன் முதலாளியிடம் கணக்குக் கேட்பான். மெட்டு முன்பே மக்கள் காதில் இருந்ததால் சொல் மட்டும் புதிதாகப் போய்ச் சேர்ந்தது. நம் இயக்க மேடைகளிலும் இதே வேலை நடந்ததுண்டு. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் செய்ததும் இதற்கு உறவுதான். காலட்சேபம் என்பது பாகவதர்களின் சொத்தாயிருந்த வடிவம். அதே வடிவத்தை எடுத்துப் படிப்பதற்காகப் பட்டணம் போகும் தாழ்த்தப்பட்ட சிறுவனின் கதையைக் 'கிந்தனார்' என்று நடத்தினார். அண்ணா கதையெழுதி 1949-இல் வெளிவந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இடம்பெற்றது. இரவல் மெட்டு, இரவல் வடிவம்; சொந்தக் கருத்து!

பாவலரின் குழுவில் அவருடைய தம்பியர் பாடினர், வாசித்தனர். 'பாவலர் பிரதர்ஸ்' என்ற அந்தக் குழுவில் பதின்ம வயதிலேயே சேர்ந்து ஊர் ஊராய்ச் சுற்றியவர்களுள் ஒருவர், 1943-இல் பிறந்த ராசய்யா. பின்னாளில் உலகம் அறிந்த இளையராஜா. இசைக் கல்லூரியில் அல்ல, கட்சிக் கூட்டத்தின் புழுதியில்தான் அவருடைய முதல் வகுப்பு நடந்தது. அண்ணன் 1973-இல் மறைந்தார். தம்பியின் முதற்படம் 1976-இல் வந்தது. தம்பி எட்டிய உயரத்தை அண்ணன் பார்க்கவில்லை.

இங்கே ஒரு விந்தையைக் கவனியுங்கள். 1980-இல் 'நிழல்கள்' என்றொரு படம் வந்தது. இயக்கியவர் தேனி அல்லிநகரத்துப் பாரதிராஜா. இசை பண்ணைப்புரத்து இளையராஜா. அதில்தான் வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து திரைப்பாட்டுக்கு வந்தார். ஒரே பள்ளத்தாக்கு மூவரையும் தந்தது. படம் நன்றாக ஓடவில்லை. ஆனால் அதிலிருந்த 'மடை திறந்து' என்ற பாட்டு ஓயவில்லை. மடை என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு அகராதி வேண்டாம். 1895-இல் முல்லைப் பெரியாற்றின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பிய நாள் முதல், மடை திறப்பதும் மூடுவதும்தான் இந்தப் பள்ளத்தாக்கின் உயிர். கால் நூற்றாண்டு கழிந்து 2006-இல் மலேசியத் தமிழ் இளைஞர்கள் 'வல்லவன்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டனர். யோகி பி-யும் நட்சத்திராவும் சேர்ந்த குழு அது. தொகுப்பின் புகழ்பெற்ற ராப் எதன்மேல் கட்டப்பட்டது? அந்த 'மடை திறந்து' மெட்டின் மேல்தான்! ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழரின் பேரப்பிள்ளைகள், தேனி மண்ணின் மெட்டை எடுத்து, அதன்மேல் தம் பேச்சைத் தாளமாக்கினர். தமிழ்நாட்டின் கல்லூரி மாணவர் பலர் தமிழில் ராப் முடியும் என்று கண்டுகொண்டதே அதைக் கேட்டுத்தான்.

அண்ணன் பிறர் மெட்டை இரவல் வாங்கினார். தம்பியின் மெட்டைப் பிறர் இரவல் வாங்கினர். நடுவில் கடல் ஒன்று, அவ்வளவே.

இன்னொரு செய்தி, மறந்துபோனது. தமிழ்த்திரையில் ராப் என்ற பெயரோடு ஊரைக் கலக்கிய முதற்பாட்டு 1994-இல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்'. இசை ஏ.ஆர்.ரகுமான். நகரத்து இளைஞர் குரல்களோடு அதில் ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்காரியின் குரல் ஓங்கி ஒலிக்கும். யார் அவர்? தேனி குஞ்சரம்மாள்! ஒப்பாரியும் தெம்மாங்கும் பாடிய தொண்டை. ராப் தமிழுக்கு வந்தபோது, வாயிலில் நின்று வரவேற்ற குரல்களில் ஒன்று தேனிக்காரியின் குரல். 'அயல்நாட்டுச் சரக்கு' என்ற மூத்த ஆசிரியர், ஊர்ப்பெயரைத் தன் பெயரிலேயே தாங்கிய அந்த அம்மையாரை நினைத்துப் பார்க்கவில்லை.

சரி, அயல்நாட்டில் அது எப்படிப் பிறந்தது? 1973, ஆகஸ்டு 11. நியூயார்க்கில் பிராங்ஸ் பகுதி. கறுப்பின மக்களும் பிழைக்க வந்த தீவு மக்களும் வாழ்ந்த இடம். பெருஞ்சாலை ஒன்று குடியிருப்புகளை இடித்துக்கொண்டு நடுவே போயிற்று; வசதியுள்ளவர் வெளியேறினர்; எஞ்சியது வறுமை. அங்கே செட்ஜ்விக் சாலை 1520-ஆம் எண் அடுக்குமாடியின் பொது அறையில் ஒரு பெண் விருந்து நடத்தினாள். பெயர் சிண்டி கேம்பல். எதற்காக? பள்ளி திறக்கப்போகிறது, புத்தாடை வாங்கக் காசு வேண்டும்! நுழைவுக் கட்டணம் சில காசுகள். பாட்டுத்தட்டுச் சுழற்றியவர் அவளுடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்பல் என்ற கூல் ஹெர்க். ஆட்டக்காரர் துள்ளும் தாளப்பகுதியை மட்டும், இரண்டு தட்டுகளைக் கொண்டு திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அதன்மேல் ஒலிபெருக்கியில் பேச்சு. அங்கே தொடங்கிற்று ஹிப்ஹாப். இசைக்கருவி வாங்க வழியில்லாதவன் பிறர் இசைத்தட்டைக் கருவியாக்கினான். பாவலருக்கு ஆர்மோனியமாவது இருந்தது!

1982-இல் கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவினரின் 'தி மெசேஜ்' வந்தபோது, விருந்துப் பாட்டு வழக்காடும் பாட்டாயிற்று. குடியிருப்பின் குப்பையும் வேலையின்மையும் பாட்டுக்குள் வந்து நின்றன. தமிழில் அதற்கு இணையான திருப்பம் 2018-இல் நேர்ந்தது. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசைஞர் தென்மாவும் ஒன்று சேர்த்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' அவ்வாண்டு சனவரியில் சென்னையில் மேடையேறிற்று. கானாவும் பறையும் ராப்பும் தோளோடு தோள் நின்றன. 'சாதிபேதமற்ற தமிழர்' என்று அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) முன்வைத்த கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. அந்தக் குழுவில் பாடிய அரக்கோணத்து இளைஞர் அறிவு, 'தெருக்குரல்' என்ற தம் தொகுப்பை 2019-இல் வெளியிட்டார். 2021-இல் உலகெங்கும் ஒலித்த 'எஞ்சாயி எஞ்சாமி'யில் அவர் சொன்னது, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய தம் பாட்டியின் கதை. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இலட்சக்கணக்கான மக்களைக் கப்பலேற்றிற்று. வரலாற்றுப் பாடநூல் அதை ஒன்றிரண்டு வரியில் முடிக்கும். பேரன் அதைப் பாட்டாக்கினான்.

மலையும் தோட்டமும் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடநூல் வேண்டியதில்லை. கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடியுமுன் நின்று பாருங்கள். சாப்பாட்டுத் தூக்கோடு பெண்கள் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக மேலே ஏலத்தோட்டம், மாலையில் இறக்கம். ஏலம் விடுவதற்குப் போடியில் மையம் உண்டு. ஏலக்காயின் விலை அங்கே கணினியில் ஓடும். காய் பறித்தவளுக்கு அந்தத் திரை எங்கிருக்கிறதென்றும் தெரியாது.

முதலில் எழுந்து எட்டு வரி பொழிந்தாள் என்றேனே, அந்த மாணவி அப்படிப்பட்ட ஒரு தாயின் மகள். அதுவரை ஒன்பது மாதம் வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்கும் கையைத்தான் தூக்குவாள். அவள் எழுதியதில் மூன்று வரி:

நாலு மணிக்கு அடுப்பு, அஞ்சு மணிக்கு ஜீப்பு,
ஏறிப் போன மலையில ஏலச்செடி காய்ப்பு,
எறங்கி வந்த எங்கம்மா கையெல்லாம் காய்ப்பு!

இயைபு இருக்கிறது, மோனை இருக்கிறது, 'காய்ப்பு' என்ற ஒரே சொல் இரண்டு முறை வந்து இரண்டு பொருள் தருகிறது. சொல் பின்வருநிலையணி என்று அதற்குப் பெயர். அந்த அணியை முந்தின வாரம்தான் பழைய எடுத்துக்காட்டோடு நடத்தி, எவருக்கும் புரியாமல் விட்டிருந்தேன். அணி தெரியாமலே அவள் அணி செய்தாள். தன் தாயின் உள்ளங்கையைப் பார்த்து எழுதியதால் வந்தது அது.

பேச்சுத் தமிழில் எழுதவிடலாமா என்று கேட்பவருண்டு. விட்டேன். பிறகு அதையே உரைநடையில், பிழையில்லாத எழுத்துத் தமிழில் ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். ராப் எழுதிய கை கட்டுரைக்கு மறுக்கவில்லை. சொல்ல ஒன்று இருக்கிறதென்று தெரிந்துவிட்டால் எழுத்துப்பிழையைக் கேட்டுத் திருத்திக்கொள்வதில் வெட்கமிருப்பதில்லை.

இத்துடன் நிறுத்தினால் அழகான கதை. ஆனால் நண்பர் சொன்ன கண்காணிப்புக்கு வேலை அடுத்த வாரமே வந்தது.

மாணவன் ஒருவன் தன் சாதியின் பெருமையை எழுதிக் கொண்டு வந்தான். மீசை, வாள், காளை, 'எதிர்த்தால் வெட்டுவோம்'. தாளம் பிசகவில்லை, மோனை கொட்டிக் கிடந்தது, பின்வரிசையில் சிலர் மேசையை இன்னும் பலமாகத் தட்டினர். முன்வரிசையில் சிலர் தட்டுவதை நிறுத்திவிட்டனர். எந்தச் சிலர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உள்ளங்கால் சில்லிட்டது. கருவி குற்றமற்றது, ஆனால் அது எந்தக் கைக்கும் அடங்கும். கைப்பேசியில் சாதிப்பாட்டுக் கேட்டு வளரும் பிள்ளைக்கு ராப் சொல்லித் தருவது, அவன் கையில் ஒலிபெருக்கியைத் தருவதும் ஆகும். 1989-இல் போடி கலவரத்தைக் கண்ட மண் இது. தெற்கே நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் உடன்படித்த மாணவர்கள். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. மாணவர் கைகளில் சாதிக்கயிறு கூடாதென்றும், பள்ளிகளின் பெயரிலிருந்து சாதி நீங்கவேண்டுமென்றும் அது சொல்லிற்று. மணிக்கட்டுக் கயிற்றை அறுத்துவிடலாம். எதுகையில் கட்டிய கயிற்றை எப்படி அறுப்பது?

தாளைக் கிழித்துவிடலாமென்று கை போயிற்று. கிழித்திருந்தால் அவன் அதை வேறிடத்தில் பாடியிருப்பான், கைதட்டும் கிடைத்திருக்கும். ஆகவே எல்லோருக்குமாக ஒரு விதி எழுதினேன்: பாட்டில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் சான்று வேண்டும். வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதை எழுதி வரவேண்டும். வாள் என்றால் யாருடைய வாள், எந்த ஆண்டு, எங்கே இருக்கிறது? பகுத்தறிவு என்பது இதைவிடப் பெரிய வித்தை ஒன்றும் அல்லவே.

நான்கு நாள் அவன் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஐந்தாம் நாள், "அப்பத்தா வேற மாதிரி சொல்லுது சார்" என்றான்.

அப்பத்தாவுக்கு எண்பது வயதுக்கு மேல். வாளைப் பற்றி அந்த அம்மையாருக்கு ஒன்றும் தெரியவில்லை. "எங்கய்யாவ ராத்திரி கச்சேரியில போய்ப் படுக்கச் சொல்லுவாக. ரேகை வெச்சுட்டுப் படுக்கணும். வீட்டுல படுத்தா குத்தம்" என்று சொல்லியிருக்கிறார். கச்சேரி என்றது காவல் நிலையத்தை. ரேகைச் சட்டம் என்று மக்கள் அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டம் அது. 1911-ஆம் ஆண்டின் சட்டம். பிறப்பாலேயே ஒரு கூட்டத்தைக் குற்றவாளியென்று எழுதி, ஆண்மக்களின் விரலடையாளத்தை வாங்கி, இரவில் வீட்டில் தூங்கும் உரிமையையும் பறித்தது. அதை எதிர்த்து 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் மக்கள் திரண்டபோது துப்பாக்கி வெடித்தது. மாயக்காள் என்ற பெண்ணும் மாண்டோரில் ஒருத்தி. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் நீங்கிற்று.

அவனிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "பிறந்ததனாலேயே குற்றவாளி என்று உன் பாட்டனாரின் அய்யாவை ஒருவன் எழுதி வைத்தான். பிறந்ததனாலேயே தாழ்ந்தவர் என்று முன்வரிசையில் இருப்பவர்களின் பாட்டனை எழுதி வைத்தது யார்?"

விடை சொல்லவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மறுநாள் தாளில் வாள் இல்லை, 'வெட்டுவோம்' இல்லை. ரேகை வந்திருந்தது, கச்சேரித் திண்ணை வந்திருந்தது, இரவெல்லாம் விழித்திருந்த ஒருவர் வந்திருந்தார். மீசையை மட்டும் அவன் விடவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்; அது சரியா என்பதில் எனக்கே இன்னும் ஐயம் உண்டு.

ஆண்டு விழாவில் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். மூத்த ஆசிரியர்தான் நிகழ்ச்சி நிரலைத் தயாரித்தார். எங்கள் பகுதிக்குத் 'தாளப்பேச்சு' என்று பெயர் போட்டிருந்தார். ஜீப்புப் பாட்டுக்கு நல்ல கைதட்டு. அந்தத் தாய் வரவில்லை. அன்று காய் பறிப்பு நாள். அடுத்து அவன் வந்தான். பின்வரிசைக்காரரோடு முன்வரிசையைச் சேர்ந்த இருவரும் மேசை தட்ட, ஒரே மூச்சில் சொல்லி முடித்தான். கூட்டத்தில் மூன்றாம் வரிசையிலிருந்து அப்பத்தா எழுந்து, "என்னய்யா சொன்ன, வெரசாப் போயிருச்சே, இன்னொருக்காச் சொல்லு" என்றார். அரங்கம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. தாளத்தை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, அந்த வரிகளைப் பேச்சாக, ஒவ்வொன்றாக, அவருக்குக் கேட்கும்படி மறுபடி சொன்னான்.